தசை இறுக்க நோயும் பட்டியலில் இல்லாத மருந்தும்

புதுதில்லி: அரிய நோய்கள் பற்றி நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தால், 16 கோடி ரூபாய் ஊசிமருந்தே உறுப்பினர்களின் நினைவுக்கு முதலில் வருகிறது. மலிவாகக் கிடைத்த பழைய மருந்தே எட்டாக்கனியாகும் விந்தையை அவர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பிறவி மயோட்டோனியா எனும் பரம்பரைத் தசை இறுக்க நோய்க்கான மெக்சிலெடின் அத்தகையது.

இந்நோயாளி சட்டென எழுந்தால் கால்கள் மரக்கட்டையாக விறைத்துக்கொள்ளும். கைகுலுக்கினால் பிடியை உடனே தளர்த்த முடியாது. சில முறை அசைத்தபின் தசை இளகிவிடுவதால், பார்ப்பவர்கள் நடிப்பு என்றே எண்ணிவிடுகின்றனர். தன்னிடமும் தன் குடும்பத்திலும் கண்ட இந்நோயை 1876-இல் பதிவு செய்த டென்மார்க் மருத்துவர் யூலியஸ் தாம்சனை எழுதத் தூண்டியதும், ராணுவப் பணிக்கு அஞ்சி மகன் நடிக்கிறான் என்ற பழிதான்.

தசைச் செல்லின் குளோரைடு வாயில்களுக்கான மரபணு பழுதாவதால் மின்கிளர்ச்சி அடங்க மறுக்கிறது. இதயத் துடிப்புக் கோளாறுக்கென வந்த மெக்சிலெடின், சோடியம் வாயில்களை மட்டுப்படுத்தி அதைத் தணிக்கிறது. நோயை வேரறுக்காது, இதயப் பரிசோதனையின்றித் தரவும் கூடாது. எனினும் 59 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில் இறுக்கம் தெளிவாகக் குறைந்தது.

இதற்கிடையே மூல நிறுவனம் வணிகக் காரணங்களால் மருந்தைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. 2018-இல் ஐரோப்பாவில் இந்நோய்க்கென உரிமம் பெற்றது, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட லூபின் குழுமம். அரிய நோய் மருந்து என்பதால் பத்தாண்டுச் சந்தைப் பாதுகாப்பும் சேர்ந்தது. விலை உயர்வு பிரிட்டனில் சர்ச்சையானது. தள்ளுபடி பேசி முடித்த பிறகே 2021-இல் அந்நாட்டுப் பொது மருத்துவச் சேவைக்கு இது பரிந்துரைக்கப்பட்டது.

இங்கே, 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கைப்படி தரப்படும் உதவியின் உச்சவரம்பு 2022-இல் 50 லட்சம் ரூபாயாக்கப்பட்டது. 2023-இல் சுங்க வரி விலக்கும் வந்தது. இரண்டும் கொள்கைப் பட்டியலில் இடம்பெற்ற நோய்களுக்கே. நல்ல ஏற்பாடுகள்தாம், ஆனால் மருந்தே சந்தையில் இல்லாவிட்டால் பணம் என்ன செய்யும்?

அதற்கான சட்டப்பிடி 2013-இன் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் இருக்கிறது. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலுள்ள மருந்தின் தயாரிப்பை நிறுத்த ஆறு மாத முன்னறிவிப்பு தேவை. ஓராண்டு வரை தொடருமாறு அரசு உத்தரவிடலாம். அப்பட்டியல் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலை அடியொற்றியது. 2022-இல் திருத்தப்பட்ட அந்தத் தேசியப் பட்டியலில் மெக்சிலெடின் இல்லை.