வீட்டுத் தோட்டத்தில் குடைமிளகாய்

சாதாரண மிளகாயும் குடைமிளகாயும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. இரண்டிற்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டமேயாகும். போர்த்துகீசியர் வாயிலாக 16-ஆம் நூற்றாண்டில் இந்நாட்டிற்கு வந்த மிளகாய், நமது சமவெளிகளின் வெப்பத்திற்குப் பழகிவிட்டது. குடைமிளகாயோ இன்னும் குளிர்ந்த இரவுகளையே நாடி நிற்கிறது. இவ்வேற்றுமையை அறியாமல், மிளகாய் விதைக்கும் பருவத்திலெல்லாம் இதனையும் விதைத்து, செழித்த செடியும் காயில்லாத கிளைகளுமாய் மூன்று நான்கு மாத உழைப்பை இழப்போர் பலர். அவர்கள் எருவையும் விதையையும் குறைகூறுவர். பெரும்பாலும் குறை விதைத்த காலத்திலேயே இருக்கும்.

பருவம்.— பகலில் 32 டிகிரி சென்டிகிரேடுக்கும் இரவில் 24 டிகிரிக்கும் மேல் உஷ்ணம் நீடிக்குமாயின் இச்செடியின் பூக்கள் உதிர்ந்துவிடும். இரவின் உஷ்ணம் 16 முதல் 21 டிகிரி வரை இருப்பின் காய் நன்கு பிடிக்கும். தமிழ்நாட்டுச் சமவெளிகளில் இத்தகைய இரவுகள் மார்கழி, தை மாதங்களிலேயே பெரிதும் கிடைக்கும். ஆகையால் பூக்கும் காலம் மார்கழியில் வருமாறு பின்னோக்கிக் கணக்கிட்டு விதைக்கவேண்டும். நாற்று வளர 40 முதல் 45 நாட்களும், நட்டபின் பூக்கச் சுமார் 35 நாட்களும் ஆகும். இக்கணக்கின்படி புரட்டாசி நடுவில் விதைத்து ஐப்பசிக் கடைசியில் நடுவது உசிதம். நீலகிரி, கொடைக்கானல் போன்ற உயர்ந்த மலைப்பகுதிகளில் இதற்கு மாறாக, உறைபனி நீங்கியபின் மாசி, பங்குனியில் விதைக்கலாம்.

விதை.— கடையில் வாங்கிய பச்சைக் குடைமிளகாயின் விதை முதிராதது, சரிவர முளைக்காது. பழுத்த காயின் விதை முளைக்கலாம். ஆனால் அக்காய் வீரிய ஒட்டு ரகமாயிருப்பின், அதன் சந்ததி தாய்ச்செடியைப் போல் ஒரே சீராய் அமையாது. ஆகவே நம்பிக்கையான இடத்தில் புதிய விதை வாங்குவதே நலம். 1928-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் கலிபோர்னியா வொண்டர் என்பது ஒட்டு ரகமல்ல. வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்றது. ஒரு கிராமில் சுமார் 150 விதைகள் இருக்கும். ஒரு குடும்பத்திற்குப் பத்துச் செடிகள் போதுமாதலால், இருபது விதைகள் ஊன்றினாற் போதும்.

நாற்று வளர்த்தல்.— ஐப்பசி மழையில் திறந்த பாத்தி நாற்றுகள் அழுகிவிடும். எனவே அடியில் துளையுள்ள தொட்டிகளிலோ குழித்தட்டுகளிலோ தாழ்வாரத்தில் விதைப்பதே தக்கது. செம்மண், மணல், நன்கு மக்கிய தொழுவுரம் இவற்றைச் சமமாகக் கலந்து சலித்துக்கொள்க. விதையைக் கால் அங்குல ஆழத்தில் ஊன்றி, முளைக்கும்வரை வைக்கோலால் மூடிவைத்தல் வேண்டும். 7 முதல் 10 நாட்களில் முளை தெரியும். உடனே வைக்கோலை நீக்கி, காலை வெயில் படுமாறு வைக்கவேண்டும். தண்டின் அடி கறுத்துச் சுருங்கி நாற்று சாய்வது நாற்றழுகல் நோயாகும். அதிக ஈரமும் நெருக்கமுமே அதற்குத் துணை. காலையில் மட்டும் அளவாகத் தண்ணீர் தெளித்து, நெருக்கமான நாற்றுகளைக் களைந்துவிட்டால் இந்நோய் பெரும்பாலும் அணுகாது.

நடவும் எருவும்.— தண்ணீர் தேங்காத மேட்டுப் பாத்தியில் ஒன்றரை அடிக்கு ஒரு செடியாக, மாலை வேளையில் நடுக. குழி ஒன்றுக்கு ஒரு கிலோ மக்கிய எருவும், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் இட்டால் போதுமானது. தழைச்சத்து மிகுந்தால் இலை பெருகிக் காய் குறையும். கிளைகள் எளிதில் முறியும் இயல்புடையவை. ஆகையால் செடிக்கு ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுதல் அவசியம். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாய்ப் பாய்ச்சினால், சுண்ணாம்புச் சத்து காய்க்குச் சரிவரச் செல்லாமல் அதன் நுனி கறுத்து அழுகும். பாத்தியின்மேல் சருகு பரப்பினால் ஈரம் ஒரே சீராக நிற்கும். மாசி வெயில் காயைச் சுடாமலிருக்க இலைகளைக் கழிக்காமல் விடவேண்டும்.

பூச்சியும் நோயும்.— இலைப்பேன், சிலந்தி இவற்றால் இலை சுருளும். வேப்பங்கொட்டைக் கரைசலை நூற்றுக்கு ஐந்து பங்கு வீதம், இலையின் அடிப்புறம் நனையுமாறு மாலையில் தெளித்துவரின் இவை அடங்கும். புகையிலையைக் கையாண்ட கைவழியே ஒருவகை நச்சுயிரி நோய் செடிக்குத் தொற்றக்கூடும். ஆதலின் புகையிலை போடுவோர் சோப்பினால் கை கழுவிய பின்னரே நாற்றைத் தொடுதல் நன்று.

அறுவடை.— நட்ட 70 நாட்களில் காய் முழு அளவடைந்து, தோல் கெட்டியாகிப் பளபளக்கும். அப்போது காம்புடன் கத்தரித்து எடுக்கவேண்டும். இழுத்துப் பறித்தால் கிளை முறியும். மேலும் இரண்டு மூன்று வாரம் விட்டுவைத்தால் காய் சிவந்து இனிக்கும். வைட்டமின் 'சி' சத்தும் பச்சைக் காயைவிடப் பழுத்ததில் அதிகம். ஆனால் காயைச் செடியிலேயே பழுக்கவிட்டால் புதிய காய்கள் பிடிப்பது குறையும். எனவே பெரும்பாலான காய்களைப் பச்சையாக எடுத்து, சிலவற்றை மட்டும் பழுக்க விடுதல் நலம்.

காரம் ஏறுமா?— அருகே மிளகாய்ச் செடி இருந்தால் குடைமிளகாய் காரமாகிவிடும் என்ற அச்சம் பலருக்குண்டு. காரம் உண்டாவது விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறத் திசுவிலேயே. அத்திசு தாய்ச்செடியைச் சேர்ந்ததாகையால், பிற மகரந்தம் விழுந்தாலும் இவ்வாண்டுக் காயில் காரம் ஏறாது. ஆனால் அவ்விதையிலிருந்து அடுத்த ஆண்டு வளரும் செடி காரமுள்ள காயையே தரும்; காரக்குணம் காரமின்மையை அடக்கி மேலோங்கும் தன்மையது. எனவே சொந்த விதை எடுக்க விரும்புவோர், மொக்கு விரியுமுன் மெல்லிய துணிப் பையால் அதனை மூடி, காய் பிடித்தபின் பையை நீக்கி நூல் கட்டி அடையாளமிட வேண்டும். அக்காய் நன்கு சிவந்தபின் விதையை எடுத்து, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத சீசாவில் வைத்தால் இரண்டு ஆண்டுகள் வரை நன்கு முளைக்கும்.

பங்குனி பிறந்தால் பூ உதிரத் தொடங்கும். அதைக் கண்டு மேலும் மேலும் எருவிடுவது வீண் செலவு. கடைசிக் காய்களை எடுத்துக்கொண்டு, பாத்தியைக் கீரைக்கோ வெண்டைக்கோ விட்டுவிட்டு, பத்திரப்படுத்திய விதையுடன் அடுத்த புரட்டாசிக்குக் காத்திருப்பதே நல்ல தோட்டக்காரருக்கு அழகு.