டவர் போகும் முன்

ஆபத்து நேரத்தில் கைப்பேசி உதவ வேண்டுமானால் சிக்னலும் சார்ஜும் இருக்க வேண்டும். கேரளத்தின் சித்திரபுரம், மூணாறு போன்ற மலையூர்களில் அடைமழையின்போது இரண்டும் சேர்ந்தே போய்விடும். கரண்ட் நின்றதும் டவர் சிறிது நேரம் பேட்டரியில் ஓடும். அதுவும் தீர்ந்தால் வட்டாரமே துண்டிக்கப்படும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள்மேல் மலை சரிந்தது. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றிருந்ததால் வெளியே செய்தி எட்டியது மறுநாள் காலையில்தான்.

இந்தியா முழுவதற்குமான அவசர எண் 112. சொந்த சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும், அருகில் வேறு நிறுவனத்தின் டவர் எட்டினால் அதன் வழியே இந்த அழைப்பு போகும். ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்புக்கு 101, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. அழைத்தவுடன் முதலில் இடத்தைச் சொல்ல வேண்டும்: எஸ்டேட், டிவிஷன், லயம். பாதியில் லைன் அறுந்தாலும் எங்கே வருவது என்பது தெரிந்துவிடும். பேச முடியாத அளவுக்கு சிக்னல் மங்கினால் குறுஞ்செய்தி அனுப்பலாம். அதற்குக் கொஞ்ச நேரம் சிக்னல் கிடைத்தாலே போதும்.

சிக்னல் குறைந்த இடத்தில் டவரைத் தேடித் தேடியே பேட்டரி வேகமாகத் தீரும். தேவையற்றபோது விமானப் பயன்முறையில் வைத்து, இடையிடையே மட்டும் திறந்து பார்ப்பது நல்லது. மழை எச்சரிக்கை வந்த அன்றே போனையும் பவர் பேங்கையும் முழுதாகச் சார்ஜ் செய்துவிட வேண்டும். இடி மின்னலின்போது சார்ஜரில் செருகிய போனைத் தொடக் கூடாது. மின்னல் மின்கம்பி வழியாக வீட்டுக்குள் பாயக்கூடும். உப்பிய பேட்டரியை உடனே மாற்ற வேண்டும். முக்கிய எண்களைக் காகிதத்திலும் எழுதி வைத்தால், போன் அணைந்த பிறகு வேறொருவர் போனிலிருந்து அழைக்கலாம்.

டவர் எல்லையிலுள்ள எல்லாக் கைப்பேசிகளிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் அவசர எச்சரிக்கை முறை 2023 அக்டோபர் 31 அன்று கேரளத்தில் சோதிக்கப்பட்டது. போன் அமைப்புகளில் அதை அணைத்து வைக்கக் கூடாது. ஆனால் டவர் இல்லையென்றால் அந்த ஒலியும் வராது. ஆகவே சரிவின் ஓரம் குடியிருப்போர், மழை வலுத்து சிக்னலும் போய்விட்டால், எச்சரிக்கைக்காகக் காத்திராமல் பகலிலேயே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும்.