மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

ஆனையிறவைத் தாண்டி இன்று பஸ்கள் பறக்கின்றன. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் இந்தப் பாதை மூடுண்டது; வடக்கில் பெற்றோல் கிடைப்பதும் அரிதானது. அப்போதுதான் வளவுக்குள் கோழி அடைகாத்த ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் கார்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

காரணம் எஞ்சின். 1950களின் அந்தக் கார்கள் எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையை அவ்வளவு இறுக்கி அமுக்குவதில்லை. ஏறத்தாழ 7 மடங்குதான். அதனால் மண்ணெண்ணெயையும் தாங்கின. ஆனால் மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் நாற்றமும் தெருவெல்லாம் நிறையும், அது வேறு கதை! பிளக்குகளையும் அடிக்கடி கழற்றிக் கரி துடைக்க வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோதும் பழைய வாகனங்களின் விலை ஏறியது. நீங்களும் ஓடாத வண்டி ஒன்றை மலிவாகப் பார்த்து வைத்திருக்கிறீர்களா? எஞ்சின் இறுகிவிட்டதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். அதற்கும் முன், செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.