கனசதுரம் இல்லாத கனசதுர ஓவியம்

கணக்குப் பாடவேளையில் கனசதுரம் வரையச் சொன்னால் நம் மாணவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் ஒரு சதுரம். சற்று மேலே, வலப்புறம் தள்ளி, அதே அளவில் இன்னொரு சதுரம். மூலைகளை இணைத்து, மறைந்திருக்கும் விளிம்புகளைப் புள்ளிக்கோடாக்கினால் கனசதுரம் தயார். உண்மையில் கண்ணுக்குப் பின்பக்கச் சதுரம் சிறியதாகத்தான் தெரிய வேண்டும். நாம் இரண்டையும் ஒரே அளவில் வரைகிறோம். ஆனாலும் இதை யாரும் பிழை என்பதில்லை. அந்த உருவத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததை வரைகிறோம், அவ்வளவுதான்.

ஓவியப் பாடவேளையில் விதி மாறிவிடுகிறது. தண்டவாளங்கள் தொலைவில் ஒரு புள்ளியில் சேர வேண்டும். தூரத்து வீடு சிறுத்து, நிறம் மங்கி இருக்க வேண்டும். இதை இயற்கையின் விதி என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் இது 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் புருனெல்லெஸ்கி செய்துகாட்டி, 1435இல் ஆல்பர்ட்டி நூலாக எழுதிவைத்த ஒரு முறை. ஒற்றைக் கண்ணால், தலையை அசைக்காமல், ஒரே இடத்தில் நின்று பார்ப்பவருக்குத்தான் இம்முறை முழுதும் பொருந்தும். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய ஓவியம் பெரும்பாலும் இந்த வழியிலேயே நடந்தது.

அந்த வழியிலிருந்து விலகிய ஓவியங்களில் முக்கியமான ஒன்று, பிரான்ஸ் நாட்டின் ஜார்ஜ் பிராக் 1908ஆம் ஆண்டுக் கோடையில் வரைந்த 'லெஸ்தாக்கில் வீடுகள்'. லெஸ்தாக் என்பது மார்செய் துறைமுக நகரை ஒட்டிய கடலோர ஊர். ஓவியம் இப்போது சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 73 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம். நம் வகுப்பறைச் சுவரில் தொங்கும் வரைபடத்தைவிடச் சிறியது.

பிராக் 1882இல் பிறந்தவர். தந்தையும் தாத்தாவும் வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழில் செய்தவர்கள். அவரும் அத்தொழிலை முறையாகக் கற்றார். 1906இல் முதன்முறை லெஸ்தாக் சென்றபோது சிவப்பும் மஞ்சளுமாகக் கொதிக்கும் நிறங்களில் வரைந்தார். 1907இல் பாரிசில் இரண்டு அனுபவங்கள் அவரைத் திருப்பின. முந்தைய ஆண்டு மறைந்த செஸானின் நினைவுக் கண்காட்சி ஒன்று. பிக்காசோவின் ஓவியக்கூடத்தில் பார்த்த 'அவிஞ்ஞோன் பெண்கள்' மற்றொன்று. செஸானும் முன்பு இதே லெஸ்தாக்கில் வரைந்தவர். இயற்கையை உருளை, கோளம், கூம்பு வழியாக அணுகுமாறு ஓர் இளம் ஓவியருக்குக் கடிதம் எழுதியவர். கணக்கு ஆசிரியர்கள் கவனிக்க: அந்தப் பட்டியலில் கனசதுரம் இல்லை!

இனி ஓவியத்தைப் பார்ப்போம். வானம் இல்லை. தொடுவானக் கோடு இல்லை. மனிதர்கள் இல்லை. வீடுகளுக்குக் கதவு, சன்னல்கூடக் கிடையாது. காவி மஞ்சள், பச்சை, சாம்பல் ஆகியவையே முக்கிய நிறங்கள். இடப்பக்கம் ஒரு மரம் சாய்ந்தபடி மேலேறுகிறது. வீடுகள் தொலைவை நோக்கிப் பின்வாங்கிச் செல்லாமல், ஒன்றின் தோளில் ஒன்றாக மேல்நோக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலே இருக்கும் வீடும் மங்கவில்லை, நம்மை நோக்கி வருவதுபோலவே நிற்கிறது. கூரைகளின் சாய்கோடுகளை அடிக்கோல் வைத்து நீட்டினால் அவை ஒரு புள்ளியில் சேராது. ஒரு சுவர் எங்கே முடிகிறது, அடுத்த வீட்டின் கூரை எங்கே தொடங்குகிறது என்று சில இடங்களில் சொல்லவே முடியாது. விளிம்பு திறந்துகொண்டு ஒரு தளம் மற்றொன்றுக்குள் வழிந்துவிடுகிறது.

பெயர் வந்த கதை பலரும் அறிந்ததே. பாரிசின் இலையுதிர்காலக் கண்காட்சிக்குப் பிராக் அனுப்பிய லெஸ்தாக் ஓவியங்களைத் தேர்வுக்குழு ஏற்கவில்லை. அக்குழுவில் மத்தீஸும் இருந்தார். நவம்பரில் கான்வைலர் என்ற வணிகர் தம் சிறிய கூடத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். லூயி வோசெல் என்ற விமர்சகர், பிராக் எல்லாவற்றையும் கனசதுரங்களாகச் சுருக்கிவிடுகிறார் என்று நாளிதழில் எழுதினார். அது பாராட்டு அல்ல. அந்தச் சொல்லிலிருந்தே கியூபிசம் என்ற பெயர் நிலைத்தது.

பெயர் பொருத்தமற்றது என்பது என் கருத்து. கனசதுரத்துக்குக் கன அளவு வேண்டும். இந்த வீடுகளுக்குள் புகுந்து ஒரு நாற்காலியைப் போட முடியாது. நிழல் பூசியிருப்பதால் முதல் பார்வையில் திண்மம்போல் தெரியும். அடுத்த நொடியே சுவர்கள் தட்டையாகி, துணியின் பரப்புக்கே திரும்பிவிடும். இந்த இழுபறிதான் ஓவியத்தின் உயிர். திண்மத்தைக் காட்ட வேண்டும், தாள் தட்டையானது என்பதையும் மறைக்கக் கூடாது. கனசதுரத்தைக் கரும்பலகையில் வரையும் நமக்கு இந்தச் சிக்கல் புதிதல்லவே.

"இதைத்தான் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் வரைகிறான்" என்று சிலர் சொல்வார்கள். மேசையின் நான்கு கால்களையும் வரையும் குழந்தை தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்பது சரிதான். ஆனால் பிராக் தூரக்காட்சி விதியைக் கற்று, கைவந்தபின் கைவிட்டவர். இரண்டையும் ஒன்றாக்க முடியாது. அதே சமயம், நான்கு கால் மேசையைச் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் சற்று நிதானிக்கலாம். தாளில் நாம் வரைவிக்கும் கனசதுரத்துக்கு முழு மதிப்பெண் தருகிறோமே!

பிக்காசோ 1909இல் ஸ்பெயினின் ஓர்தா கிராமத்து வீடுகளை இதே போக்கில் வரைந்தார். 1914இல் போர் மூண்டு பிராக் படைக்குப் போகும்வரை இருவரும் மிக நெருங்கிப் பணியாற்றினர். சில ஓவியங்களில் யார் வரைந்தது என்று கண்டுபிடிப்பதே கடினம். வண்ணம் பூசும் தொழிலில் பிராக் கற்ற மரரேகைச் சீப்பும் இந்த ஓவியங்களுக்குள் வந்தது. 1912இல் மரரேகை அச்சிட்ட சுவர்த்தாளையே வெட்டி ஓவியத்தில் ஒட்டினார். நெதர்லாந்தின் மோந்திரியான் கியூபிச ஓவியங்களைக் கண்டு பாரிசுக்கு வந்து, நேர்கோடும் செவ்வகமுமாகச் சென்றார். வங்கத்தில் ககனேந்திரநாத் தாகூர் 1920களில் அந்த மொழியைத் தம் வழியில் கையாண்டார்.

இந்த ஓவியத்தை உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் திரையில் எளிதாகக் காட்டலாம். ஒன்பதாம் வகுப்பில் காட்டும்போது நான் பெயரையோ ஆண்டையோ முதலில் சொல்வதில்லை. "வெயில் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது?" என்று மட்டும் கேட்பேன். சிலர் இடம் என்பார்கள், சிலர் வலம். இரு தரப்பினரையும் திரைக்கு அருகே அழைத்து நிழலைச் சுட்டிக்காட்டச் சொன்னால், இரு தரப்புக்கும் ஆதாரம் கிடைத்துவிடும். பிறகு மேசைமேல் ஐந்தாறு சாக்பீஸ் பெட்டிகளை அடுக்கி, மூன்று பக்கமும் நின்று பார்த்ததை ஒரே தாளில் வரையச் சொல்வேன். அதற்கு இரண்டு பாடவேளைகள் வேண்டும். ஒன்றில் முடியாது.