சராசரிக்குள் மறையும் தாய்மார்

பிரசவத்தில் தாய் இறப்பதைப் பெருமளவு குறைத்த நாடு என்ற நற்பெயர் இலங்கைக்கு உண்டு. இலவச மருத்துவமும் வீடு தேடி வரும் மிட்வைஃப்மாரும் ஈட்டித் தந்த பெயர் அது. ஆனால், நாட்டின் சராசரியை மட்டும் பார்த்தால் சிலருடைய நிலை நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறத்தில் மட்டும் பார்த்தால் 100க்கு சுமார் 32 பேர். தோட்டங்களில் வாழ்பவர்களில் பெரும்பாலானோர் மலையகத் தமிழர்.

இது பரம்பரைக் குறைபாடு அல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அவர்களுடைய மருத்துவமும் நெடுங்காலம் அரசாங்கத்திடம் இல்லாமல் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே இருந்தது. சிறுவயதில் போதிய உணவின்றி வளர்ந்த பெண் தாயாகும்போது, அவளுடைய குழந்தையும் எடை குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு அதிகம். இப்படியே ஒரு தலைமுறையின் பசி அடுத்த தலைமுறையின் உடம்பில் தங்கிவிடுகிறது.

இன்றும் தடைகள் உண்டு. கிளினிக்குக்குப் போனால் அன்றைய நாட்சம்பளம் போய்விடும். லயத்திலிருந்து ஆஸ்பத்திரி தூரம். அங்கே தமிழில் பேச ஆளில்லாவிட்டால், சொல்ல வந்த வலியைச் சொல்லாமலே தாய் திரும்பிவிடுவாள்.

நம்மில் பலர் தோட்டங்களை அண்டிய சிறு நகரங்களில் வாழ்கிறோம். அந்தத் தாய்மார் நம் கடைக்கு வருபவர்கள், நம் பிள்ளைகளோடு படிப்பவர்களின் அம்மாமார். அவர்களுக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கும் பொதுவான சில விடயங்கள்:

• கர்ப்பம் தெரிந்தவுடன், எட்டு வாரத்துக்குள் மிட்வைஃபிடம் பதியுங்கள். இச்சேவை இலவசம்.

• கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் எடுங்கள். மாத்திரையோடும் சாப்பாட்டோடும் தேநீர் குடிக்க வேண்டாம். தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். சற்று நேரம் கழித்துக் குடிக்கலாம்.

• திரிபோஷ தாய்க்காகத் தரப்பட்டால், அதைத் தாயே சாப்பிடட்டும்.

• தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் இவற்றில் எது தெரிந்தாலும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

சிங்களம் தெரிந்தவர் ஒருநாள் ஒரு தாயோடு கிளினிக்குக்குத் துணையாகப் போகலாம். வாகனம் உள்ளவர் இரவில் அழைத்தால் வருவேன் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். பணம் செலவில்லாத இந்த உதவி, ஒரு தாயை உரிய நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடும்.