விலை உயர்ந்தால் தேவை குறையுமா? நுகர்வோர் தேர்வுக் கோட்பாட்டின் வழித் தேவை விதியும் கிஃபன் பண்டமும்

ஆய்வுச்சுருக்கம்

நுகர்வோர் தேர்வுக் கோட்பாட்டிலிருந்து விலக்கின்றிப் பெறப்படும் முடிவாகவே தேவை விதி அறிமுக நிலையில் பெரும்பாலும் கற்பிக்கப்படுகின்றது. அவ்விதி பதிலீட்டு விளைவு, வருமான விளைவு ஆகிய இரண்டின் கூட்டு முடிவு என்பதையும், குறிப்பிட்ட வறுமை நிலையில் அது தலைகீழாகக் கூடும் என்பதையும் இக்கட்டுரை எளிய கணக்கின்வழி விளக்குகின்றது. அயர்லாந்து உருளைக்கிழங்கு என்னும் வழக்கமான சான்று பொருந்தாது என்பதும், சீனாவின் ஹூனான் மாகாணக் கள ஆய்வே தக்க சான்று என்பதும் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நுகர்வோர் தேர்வு, தேவை விதி, பதிலீட்டு விளைவு, வருமான விளைவு, கிஃபன் பண்டம்.

முன்னுரை

பிற காரணிகள் மாறாதிருக்க, ஒரு பண்டத்தின் விலை உயர்ந்தால் அதன் தேவை குறையும் என்பது தேவை விதி. இதற்கு விலக்காகக் கிஃபன் பண்டம் பாடநூல்களில் ஓரிரு வரிகளில் சுட்டப்பட்டுக் கடந்து செல்லப்படுகின்றது. ஆனால் விதி எதன்மேல் நிற்கின்றது என்பதை அவ்விலக்கே தெளிவாகக் காட்டுகின்றது. வறியோருக்கான உணவு மானியத்தை மதிப்பிடுவதற்கும் இத்தெளிவு இன்றியமையாதது.

இரு விளைவுகள்

ஒரு பண்டத்தின் விலை உயரும்போது இரண்டு மாற்றங்கள் ஒருசேர நிகழ்கின்றன. பிற பண்டங்களோடு ஒப்பிட அப்பண்டம் விலை மிகுந்ததாகிவிடுவதால் நுகர்வோர் அவற்றின்பால் நகர்வது பதிலீட்டு விளைவு. அதே பண வருமானத்தைக் கொண்டு முன்பு வாங்கிய அளவுக்கு வாங்க இயலாமையால், அதாவது உண்மை வருமானம் குறைவதால், நேரும் மாற்றம் வருமான விளைவு. யூஜின் ஸ்லட்ஸ்கி 1915இல் இப்பகுப்பைக் கணிதமுறையில் நிறுவினார். ஜான் ஹிக்ஸும் ராய் ஆலனும் 1934இல் தனித்து இம்முடிவை அடைந்தனர்.

பதிலீட்டு விளைவு, விலை உயர்ந்த பண்டத்தின் நுகர்வை ஒருபோதும் கூட்டாது. வருமான விளைவுக்கு அத்தகைய உறுதியான திசை இல்லை. வருமானம் குறையும்போது எதன் நுகர்வு கூடுகின்றதோ அது தாழ்நிலைப் பண்டம் எனப்படும். இப்பெயர் பண்டத்தின் தரத்தைக் குறிப்பதன்று. வருமானத்தோடு அதன் நுகர்வு கொள்ளும் உறவையே குறிக்கின்றது. தாழ்நிலைப் பண்டம் ஒன்றின் வருமான விளைவு பதிலீட்டு விளைவை விஞ்சுமாயின் அது கிஃபன் பண்டமாகும். ஆகவே கிஃபன் பண்டங்கள் யாவும் தாழ்நிலைப் பண்டங்களே. தாழ்நிலைப் பண்டங்கள் யாவும் கிஃபன் பண்டங்கள் அல்ல.

ஓர் எளிய கணக்கு

ஒரு குடும்பத்தின் உணவுச் செலவு 80 ரூபாய் எனக் கொள்வோம். பசியாற 6 அலகு உணவு தேவை. அரிசி அலகு 10 ரூபாய். இறைச்சி அலகு 20 ரூபாய். இரண்டும் ஓர் அலகில் சமமான ஆற்றலைத் தருகின்றன. குடும்பம் இறைச்சியையே விரும்புகின்றது. எனினும் பசியாறுவதே முதன்மை. இந்நிலையில் 4 அலகு அரிசியும் 2 அலகு இறைச்சியும் வாங்கப்படும் (40 + 40 = 80).

அரிசி விலை 12 ரூபாயாக உயர்ந்தால் பழைய கூடைக்கு 88 ரூபாய் வேண்டும். கையிலுள்ள 80 ரூபாயில் 6 அலகு உணவைப் பெற ஓர் அலகு இறைச்சியை விட்டு ஓர் அலகு அரிசியைக் கூட்டுவதே வழி: 5 அலகு அரிசி, 1 அலகு இறைச்சி (60 + 20 = 80). அரிசியின் விலை உயர்ந்தது. அதன் நுகர்வும் உயர்ந்தது. பற்றாக்குறையான 8 ரூபாயை ஈடுசெய்தால் குடும்பம் மீண்டும் பழைய கூடையையே வாங்கும். எனவே இக்கணக்கில் பதிலீட்டு விளைவு சுழி. மாற்றம் முழுவதும் வருமான விளைவே.

உணவுச் செலவு 60 ரூபாயாக இருந்தால் நிலைமை வேறு. அக்குடும்பம் முதலில் 6 அலகு அரிசி மட்டுமே வாங்கும். விலை உயர்ந்தபின் 5 அலகே வாங்க இயலும். விட்டுக்கொடுக்க இறைச்சி இல்லாததால் அரிசியே குறைகின்றது. 120 ரூபாய் உள்ள குடும்பமோ 6 அலகும் இறைச்சியாகவே வாங்கும். அரிசி விலை அதனைத் தொடுவதில்லை. ஆகவே கிஃபன் நடத்தை கடும் வறுமையிலும் தோன்றாது, வளத்திலும் தோன்றாது. இடைப்பட்ட வறுமையிலேயே தோன்றும்.

அயர்லாந்துச் சான்றின் குறை

ஆல்ஃபிரட் மார்ஷல் தம் பொருளியல் நூலின் மூன்றாம் பதிப்பில் (1895) இக்கருத்தை ராபர்ட் கிஃபன் பெயரால் குறிப்பிட்டார். அங்குச் சுட்டப்பட்ட பண்டம் ரொட்டி, உருளைக்கிழங்கு அன்று. கிஃபனின் எழுத்துகளில் இதற்கு மூலம் கிடைக்கவில்லை என ஜார்ஜ் ஸ்டிக்லர் 1947இல் எடுத்துரைத்தார். பால் சாமுவேல்சனின் பாடநூல் வழியாகவே 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சம் இக்கருத்தின் சான்றாகப் பரவியது.

இச்சான்று இரு காரணங்களால் ஏற்புடையதன்று. நோயால் விளைச்சல் அழிந்து கிழங்கே அரிதான காலத்தில் நாட்டின் மொத்த நுகர்வு கூடியிருக்க இயலாது. மேலும் உழவர் பலர் தாம் விளைவித்த கிழங்கையே உண்டனர். சந்தை விலை வழியாக வாங்குவோரின் நடத்தையை விளக்கும் கோட்பாடு அவர்களுக்கு அப்படியே பொருந்தாது.

ஹூனான் கள ஆய்வு

ராபர்ட் ஜென்சனும் நோலன் மில்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெற்றிடத்தை நிரப்பியது. அவர்கள் சீனாவின் ஹூனான், கன்சு மாகாணங்களில் வறிய நகர்ப்புறக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் தெரிவுசெய்து, முதன்மை உணவின் விலையைக் குறைக்கும் மானியச் சீட்டுகளை ஐந்து மாதங்கள் வழங்கினர். ஹூனானில் அப்பண்டம் அரிசி, கன்சுவில் கோதுமை.

மானியத்தால் அரிசி விலை குறைந்தபோது ஹூனான் குடும்பங்கள் அரிசியைக் குறைத்துக்கொண்டன. மானியம் நீங்கியபோது கூட்டின. கன்சுவில் சான்று இதனினும் வலுக்குறைந்ததாகவே இருந்தது. மிக வறியோரிடம் இந்நடத்தை காணப்படவில்லை என்பதும் மேற்கண்ட கணக்கோடு ஒத்துள்ளது.

கொள்கைப் பொருத்தம்

முதன்மை உணவின் விலையைக் குறைத்தால் வறியோர் அதனை மிகுதியாக உண்பர் என்னும் எதிர்பார்ப்பு எப்போதும் நிறைவேறாது. மீதமாகும் பணம் சுவைமிக்க உணவுக்கோ பிற தேவைகளுக்கோ செல்லலாம். இதே களத்தரவைக் கொண்டு 2011இல் வெளியான ஆய்வில், மானியம் ஊட்டத்தை உயர்த்தியதற்கான சான்றை அவ்விருவரும் காணவில்லை. இதனால் மானியம் பயனற்றது என்று கொள்ளலாகாது. கணக்கில் வரும் குடும்பம் மலிவான அரிசியால் ஓர் அலகு இறைச்சியைக் கூடுதலாகப் பெறுகின்றது. அதன் நலன் உயர்கின்றது. தானிய நுகர்வு குறைந்ததை மட்டும் கொண்டு திட்டம் தோற்றது என்று மதிப்பிடுவோர் அந்நலனைக் காணத் தவறுகின்றனர்.

முடிவுரை

தேவை விதி பெரும்பாலான பண்டங்களுக்குப் பொருந்தும் அனுபவ உண்மை. ஆயினும் தேர்வுக் கோட்பாட்டிலிருந்து மட்டும் அதனை நிறுவ இயலாது. கோட்பாடு உறுதியளிப்பது பதிலீட்டு விளைவின் திசையை மட்டுமே. எனவே வகுப்பறையில் அயர்லாந்துச் சான்றைக் கைவிட்டு, மேற்கண்டது போன்ற கணக்கையும் ஹூனான் ஆய்வையும் இணைத்துக் கற்பிப்பது தகும். அப்போது கிஃபன் பண்டம் மனப்பாடத்துக்குரிய விதிவிலக்காக நில்லாது, வறுமையில் உள்ள குடும்பம் கணக்கிட்டுச் செய்யும் தேர்வாக மாணவருக்குப் புலப்படும்.