கூம்பு நத்தையின் நஞ்சு

வானம் தெளிந்த நாளில் அப்புத்தளையிலிருந்து தெற்குக் கடல் தெரியும். அங்கு சுற்றுலா செல்லும்போது கோலமிட்டாற் போன்ற கூம்பு வடிவ ஓடு கிடந்தால் கையில் எடுக்காதீர்கள். உள்ளே நத்தை உயிருடன் இருக்கலாம். ஈட்டி போன்ற பல்லால் அது நஞ்சைச் செலுத்தும். சில இனங்களின் நஞ்சு சுவாசத் தசைகளைச் செயலிழக்கச் செய்து மனிதரையும் கொல்லும். இதற்கு எதிர்நஞ்சு மருந்து கிடையாது.

இந்நஞ்சு பல பெப்தைட்டுகளின் கலவையாகும். அமினோ அமிலங்கள் சில இணைந்த குறுஞ்சங்கிலியே பெப்தைட்டு. பசுபிக் சமுத்திரத்தில் வாழும் ஓர் இனத்தின் நஞ்சில், பல்டொமெரோ ஒலிவேராவின் ஆய்வுக்குழு கண்டறிந்த பெப்தைட்டில் 25 அமினோ அமிலங்கள் உள்ளன. கந்தக அணுக்கள் சோடி சோடியாகப் பிணைந்து 3 பாலங்களை அமைப்பதால் அதன் வடிவம் எளிதில் குலைவதில்லை. முண்ணாணிலுள்ள நரம்பு முனைகளில் கல்சியம் அயன்கள் புகும் வாயிலை அது அடைக்கிறது. அயன்கள் புகாவிடின் வலிக்கான கணத்தாக்கம் அடுத்த நரம்புக்குக் கடத்தப்படாது. ஆய்வுகூடத்தில் தொகுக்கப்பட்ட இதே மூலக்கூறு, சிக்கோனோடைட் எனும் மருந்தாக 2004 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மோபீனைப் போல இதற்கு உடல் பழகிப்போவதில்லை என்பதே இதன் பெருஞ்சிறப்பு.

ஆயினும் இதை மாத்திரையாக விழுங்க முடியாது. மூளைய முண்ணாண் பாய்பொருளினுள் நேரே செலுத்த வேண்டும். ஏன்? சமிபாடு பாடத்தை நினைவுகூருங்கள். பெப்சின், திரிப்சின் ஆகிய நொதியங்களுக்கு இதுவும் ஓர் உணவே.